அடுத்த அட்டெம்ப்ட்

கல்கத்தா கரியாஹாட்டில் சி.ஏ. பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பவனுக்கு வருஷத்துக்கு இரண்டு இடைஞ்சல்கள் நிச்சயம். மே மாதப் பரீட்சைக்கு மும்முரமாகப் படிக்க வேண்டிய நேரத்தில் சைத்ர ஸேல் வந்துவிடும். வங்காளிகளின் சைத்ர மாதம் நமக்குப் பங்குனி. புது வருஷம் பிறப்பதற்குள் பழைய சரக்கைத் தள்ளிவிட வேண்டும் என்று நடைபாதைக் கடைக்காரர்கள் தொண்டை கிழியக் கூவுவார்கள். பாலிகஞ்ச் ஸ்டேஷனில் இறங்கி நடந்து வருகிற பையன், புடவைக் கூட்டத்தில் சிக்கி அரை மணி தாமதமாக வந்து சேர்வான். நவம்பர் பரீட்சை நடந்த வருஷங்களில் அதற்கு முன்னால் துர்கா பூஜை. ஏக்டாலியா எவர்கிரீன் பந்தலுக்குப் போகிற ஜனம் எங்கள் தெருமுனையைத் தாண்டித்தான் போக வேண்டும். சப்தமி தொடங்கி தசமி வரை ராத்திரி இரண்டு மணிக்கும் டாக் மேளம் ஓயாது. ஊரே புதுத்துணி உடுத்திக்கொண்டு தெருவில் போகும்போது, ஜன்னலுக்குள் உட்கார்ந்து கன்சாலிடேட்டட் பாலன்ஸ் ஷீட் போட்டுக்கொண்டிருக்கும் இருபத்திரண்டு வயசுப் பிள்ளையைப் பார்த்து, "என்ன விடாமுயற்சி பாருங்கள்" என்று பெற்றோர் பூரித்துப்போவார்கள். நாற்பது வருஷமாக அந்தப் பிள்ளைகளுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறேன். விடாமல் முயற்சி செய்கிற எல்லோரும் உள்ளுக்குள் நன்றாக இருந்தார்கள் என்று என்னால் சொல்ல முடியாது. சிலர் மிக நன்றாக இருந்தார்கள். சிலர் அந்த முயற்சியாலேயே வாடிப்போனார்கள். எது எங்கே பிரிகிறது என்பதைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

அப்பா கும்பகோணத்திலிருந்து வந்து கிளைவ் தெருவில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் ஸ்டெனோவாக இருந்தவர். லேக் மார்க்கெட் தமிழர்களில் அந்தக் காலத்தில் பாதிப் பேர் ஸ்டெனோ, மீதிப் பேர் கணக்கு. நான் இரண்டாவது வகை. காஸ்ட் அக்கவுன்டன்சி முடித்துவிட்டு ஹூக்ளிக் கரையில் ஒரு சணல் ஆலையில் சேர்ந்தேன். ஆலை மூடுவதும் திறப்பதுமாக இருந்ததால், சாயங்காலத்தில் கைச்செலவுக்காக ஆரம்பித்த ட்யூஷன் 1980களின் நடுவில் முழுநேரப் பிழைப்பாகிவிட்டது. கல்கத்தா அப்போது லோட்ஷெடிங் நகரம். அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் ஸ்டாண்டர்ட் காஸ்டிங் நடத்தியிருக்கிறேன். பையன்கள் சோனார்பூர், பாருய்பூர், கேனிங் லோக்கல்களில் வருவார்கள். லேக் மார்க்கெட்டிலிருந்து நம்மவர்கள் நடந்தே வருவார்கள். பெண்கள் அன்று அபூர்வம். இன்று என் வகுப்பில் பாதிக்குப் பாதி.

இந்தப் பரீட்சையைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பேப்பரிலும் நாற்பது மார்க் வேண்டும். குரூப் மொத்தத்தில் ஐம்பது சதவீதம் வேண்டும். நான்கு பேப்பர் குரூப்பாக இருந்த நாட்களில் 400க்கு 200. நூற்றுத் தொண்ணூற்றொன்பது வாங்கினால் நாலு பேப்பரும் போச்சு. எதிலாவது அறுபது வாங்கியிருந்தால் அந்தப் பேப்பருக்கு மட்டும் அடுத்த மூன்று பரீட்சைகளுக்கு விலக்கு உண்டு. ஃபைனலில் இரண்டு குரூப்பையும் ஒருசேர எழுதித் தேறியவர்கள் 2023 மே மாதத்தில் 8.33 சதவீதம். புதுப் பாடத்திட்டத்தில் பேப்பர்கள் குறைந்து, 2024 மே மாதத்தில் 19.88 ஆனது. எங்கள் காலத்தில் ஒற்றை இலக்கம் என்பதே வழக்கம். ஆக, புத்திசாலியான, நன்றாகப் படிக்கிற பிள்ளைகூட ஒருமுறையாவது தோற்பதற்குத் தயாராகத்தான் இதில் இறங்க வேண்டும். ஃபைனலை எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதலாம். வயது வரம்பும் கிடையாது. இந்தத் தாராளம்தான் பல பேரைப் படுத்திவைத்தது என்று நான் சொன்னால் பரீட்சை நடத்துகிற இன்ஸ்டிட்யூட்டில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ஒருத்தனுக்கு எத்தனையாவது அட்டெம்ப்ட் என்பதை வைத்துத்தான் வீட்டில் அவனுக்கு மரியாதை. முதல் தடவை போனால் அம்மா பாயசம் பண்ணி ஆறுதல் சொல்வாள். மூன்றாவது தடவை மாமா வீட்டுக் கல்யாணத்துக்குப் போகாமல் இருப்பான். அதற்கு மேலே போனால் தங்கை கல்யாணப் பேச்சில் அவன் பெயரைத் தாழ்ந்த குரலில் சொல்வார்கள். ரிசல்ட் அன்று ரஸ்ஸல் தெரு அலுவலகத்துக்குப் போய்ப் பலகையில் நம்பர் தேடிய காலத்தில், பலகைக்கு எதிரே நிற்கிற கூட்டத்தில் யார் எந்த அட்டெம்ப்ட் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். முதல் தடவைக்காரன் முண்டியடித்து முன்னே போவான். பழைய ஆள் எதிர் நடைபாதையில் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டு, கூட்டம் கலையட்டும் என்று காத்திருப்பான்.

அப்படி ஒருவன் என்னிடம் பத்து வருஷத்துக்கு மேல் வந்தான். பெயர் வேண்டாம். காலையில் நாலு மணிக்கு எழுந்திருப்பான். கோல்பார்க் ராமகிருஷ்ண மிஷன் நூலகத்தில் அவனுக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. அவன் வராத நாளில் பக்கத்தில் இருப்பவர்கள் உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார்கள். நோட்டு எடுப்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. ஊதா மையில் எழுதி, சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு, மற்றவர்கள் கேட்டு வாங்கி ஜெராக்ஸ் போடுகிற அளவுக்கு அழகாக வைத்திருப்பான். ஒன்றே ஒன்று மட்டும் செய்ய மாட்டான்: கடிகாரத்தை முன்னால் வைத்து மூன்று மணி நேரப் பேப்பரை முழுதாக எழுதிப் பார்க்க மாட்டான். "இன்னும் ஒரு ரிவிஷன் முடியட்டும் ஸார்" என்பான். அந்த ரிவிஷன் முடிவதற்குள் பரீட்சை வந்துவிடும். ஹாலில் கேள்வித்தாளைப் பார்த்ததும் கை சில்லிட்டுப்போகும். வெளியே வந்து, "தெரிந்ததுதான் ஸார், வரவில்லை" என்பான்.

விடாமுயற்சிக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் தன்னால் முடியும் என்பதற்கு அவனிடம் ஒரு சாட்சியும் இல்லை. சாட்சி தேடுகிற இடத்துக்கு அவன் போகவே இல்லை. வருஷம் ஆக ஆக, படித்துக்கொண்டிருக்கிறேன் என்பதே அவனுக்கு உத்தியோகம் ஆகிவிட்டது. வேலைக்கு ஏன் போகவில்லை, கல்யாணம் ஏன் ஆகவில்லை, எல்லாவற்றுக்கும் ஒரே பதில். தூக்கம் கெட்டது. சாப்பாடு குறைந்தது. அவன் அம்மா ஒரு நாள் வந்து, "மாஸ்டர்மஷாய், இவன் சிரித்து ரொம்ப நாள் ஆகிறது" என்றாள். விட்டுவிடு என்று அவனிடம் சொல்ல வீட்டில் ஒருவருக்கும் தைரியம் இல்லை. இத்தனை வருஷம் போட்ட முதல் வீணாகிவிடுமே என்ற பயம். கணக்குப் படித்த குடும்பங்களே இதில் ஏமாறும். போன செலவு போனதுதான், அடுத்த முடிவில் அதைச் சேர்க்கக் கூடாது என்று காஸ்டிங் முதல் மாதத்திலேயே சொல்லித்தருகிறோம்; வீட்டுக்குப் போனதும் மறந்துவிடும்.

இதற்கு நேர்மாறாக இன்னொருவன். அவன் அப்பாவுக்குக் கரியாஹாட் சந்திப்பில் நடைபாதைக் கடை. உள்பாவாடை, புடவை ஃபால்ஸ், கர்ச்சீப். 1996 நவம்பர் 24 ராத்திரி ஆபரேஷன் சன்ஷைன் என்று பெயர் வைத்துக்கொண்டு வந்து கடைகளை இடித்துத் தள்ளினார்கள். நடைபாதைக் கடைகள் நகரத்துக்கு இடைஞ்சல் என்பது அன்றைய இடதுசாரி அரசின் வாதம். மறுநாள் காலையில் கரியாஹாட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரு அகலமாகத் தெரிந்தது. பத்திரிகைகளில் பாராட்டுக் கடிதங்கள்கூட வந்தன. அவன் அந்த மாதத் தொடக்கத்தில்தான் ஃபைனலுக்கு முந்தின கட்டமான இன்டர் எழுதியிருந்தான். ரிசல்ட் வந்தபோது போயிருந்தது. அதைப் பற்றி யோசிக்க அவனுக்கு நேரமில்லை. அப்பா மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு லோக்கல் ரயிலில் விற்கப் போனார். இவன் கூடப் போனான். வகுப்புக்கு வரவில்லை.

சில மாதம் கழித்து வந்தான். கையில் சிவப்புத் துணி போர்த்திய நீளமான கேரோ காத்தா. வங்காளி வியாபாரிகள் வைசாக முதல் நாளில் பூஜை போட்டுத் தொடங்குகிற பேரேடு. இடிபட்ட கடைக்காரர்கள் திரும்ப முதல் போட ஆளுக்காள் வட்டிக்கு வாங்கியிருந்தார்கள். தினத் தவணை. யார் எவ்வளவு கட்டினார், எவ்வளவு பாக்கி என்று வட்டிக்காரன் ஒரு கணக்குச் சொல்ல, இவர்கள் ஒரு கணக்குச் சொல்ல, தினமும் தகராறு. இவன் உட்கார்ந்து எல்லோருக்கும் தனித்தனிப் பக்கம் போட்டு எழுத ஆரம்பித்திருக்கிறான். பக்கத்தைப் புரட்டிக் காட்டினான். இடது பக்கம் வாங்கியது, வலது பக்கம் கட்டியது, ஓரத்தில் அவரவர் பெருவிரல் ரேகையோ சுழித்த கையெழுத்தோ. ஒரு பக்கத்தில் எண்ணெய்க் கறை; பக்கத்து முட்டை ரோல் கடைக்காரர் கணக்காம். "வட்டிக்காரன் என் காத்தாவைப் பார்த்துத்தான் இப்போது பணம் வாங்குகிறான் ஸார்" என்றான். அவன் குரலில் அதற்கு முன்னால் நான் கேட்காத ஒன்று இருந்தது. ஃபெயிலான பையன் மாதிரியே பேசவில்லை. கடைகள் ஒவ்வொன்றாக நடைபாதைக்குத் திரும்பின. அவனும் பரீட்சைக்குத் திரும்பினான். இன்டரில் தேறி, ஆர்டிகிள்ஷிப் முடித்து, ஃபைனல் முடிக்க ரொம்ப நாள் ஆயிற்று. ஆனால் அந்த வருஷங்களில் அவன் வாடி நான் பார்க்கவில்லை. நடுவில் தோற்ற ஒவ்வொரு முறையும் கைவசம் அவன் எழுதிய, எல்லோரும் நம்புகிற ஒரு கணக்கு இருந்தது.

ஆர்டிகிள்ஷிப்பையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். ஆடிட்டரிடம் மூன்று வருஷம் சொற்ப ஸ்டைபென்டில் உழைப்பதை (2023 ஜூலையிலிருந்து இரண்டு வருஷமாகக் குறைத்துவிட்டார்கள்) பையன்கள் படிப்பைக் கெடுக்கிற தண்டனையாகத்தான் நினைப்பார்கள். மார்ச் 31 அன்று சணல் ஆலைக் கிடங்கில் ஸ்டாக் எண்ணப் போவார்கள். மூக்கு, காது எல்லாம் சணல் தூசு. பொதிகளை எண்ணி, தராசு பார்த்து, ஆலைக்காரர் சொல்கிற எண்ணிக்கைக்கும் தங்கள் எண்ணிக்கைக்கும் வித்தியாசம் கண்டுபிடித்துவிட்டால், அந்த வாரம் வகுப்பில் அவர்களைப் பிடிக்க முடியாது. ஐம்பது வயசு ஸ்டோர் கீப்பர் தன் கணக்கைத் திருத்திக்கொண்டார் என்று திரும்பத் திரும்பச் சொல்வார்கள். மூன்று வருஷமும் போலி அட்டென்டன்ஸ் வைத்துக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்து படித்தவர்களும் உண்டு. பெற்றோரே ஏற்பாடு செய்துதருவார்கள். படிக்க நேரம் கிடைத்தது என்னவோ நிஜம். பரீட்சை போனால் விழுந்து எழ வேறு தரை இல்லாமல் போனதும் அவர்களுக்குத்தான்.

வகுப்பில் நான் செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பாருய்பூரிலிருந்து ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். பென்சிலால் எழுதி, ரப்பரால் அழித்து, மறுபடி எழுதுவாள். பக்கம் கிழிகிற அளவுக்கு. முதல் வேலையாக ரப்பரை வாங்கி வைத்துக்கொண்டேன். ப்ராசஸ் காஸ்டிங்கில் ஒரு சின்னக் கணக்கு கொடுத்தேன். ஆயிரம் கிலோ சரக்கு உள்ளே போகிறது. மொத்தச் செலவு 19,000 ரூபாய். வழக்கமாக ஐந்து சதவீதம் சேதாரம். அதற்கு விலை கிடையாது. வெளியே வந்தது 930 கிலோ. கிலோ என்ன அடக்கம்? அவள் பத்தொன்பதாயிரத்தை 930ஆல் வகுத்தாள். இருபது ரூபாய் நாற்பத்து மூன்று காசு என்று முடிவில்லாமல் போயிற்று. அழிக்க ரப்பரைத் தேடினாள், இல்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஆலையில் ஐந்து சதவீதம் சிந்தும் என்று முதலிலேயே தெரியும் இல்லையா மா? அப்போது எத்தனை கிலோ வந்திருக்க வேண்டும்?"

"தொள்ளாயிரத்து ஐம்பது."

"அதால் வகு."

இருபது ரூபாய். மிச்சம் இல்லாமல். வழக்கமான சேதாரம் ஐம்பது கிலோவின் செலவு நல்ல சரக்கின் விலையிலேயே ஏறிவிடுகிறது. அதைப் பற்றி யாரையும் விசாரிப்பதில்லை. அதற்கு மேல் சிந்திய இருபது கிலோவின் 400 ரூபாயைத்தான் தனியே எடுத்து வைத்து, ஏன் என்று கேட்கிறோம். இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் கேட்டாள்: "ஸார், எனக்கு நார்மல் லாஸ் எத்தனை சதவீதம்?"

வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை, நல்ல கேள்வி. வாராந்திரத் தேர்வுகளில் அவள் இழந்த மார்க்குகளை அடுத்த சில மாதம் இரண்டாகப் பிரித்து எழுதிவரச் சொன்னேன். அவசரத்தில் போவது, கையெழுத்தில் போவது, யாருக்கும் போகக்கூடியது ஒரு பக்கம். தெரியாமல் போனது, பயத்தில் தொடாமல் விட்டது இன்னொரு பக்கம். இரண்டாவது பக்கம் தான் நினைத்ததைவிட ரொம்பச் சின்னது என்று அவளே கண்டுகொண்டாள். அதற்குப் பிறகு வகுப்பில் அதுவே பாஷையாகிவிட்டது. ஒரு கணக்குத் தப்பானால், "நார்மல் லாஸ் ஸார்" என்று அடுத்ததற்குப் போய்விடுவார்கள். தோல்வியில் ஒரு பங்கு எல்லோருக்கும் உள்ளதுதான், அது தன் தலையெழுத்து அல்ல என்று புரிந்த பிள்ளை ராத்திரி தூங்குகிறது.

தினமும் வகுப்பு முடிவதற்குள் ஒவ்வொருவரும் ஒரு கணக்கையாவது முழுதாக முடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பது இன்னொரு விதி. சுலபமானது கூடாது, நேற்றையதைவிட ஒரு பிடி கஷ்டமாக இருக்க வேண்டும். பின் பெஞ்சில் எப்போதும் ஒன்றிரண்டு பழைய பிள்ளைகளை உட்காரவைப்பேன். ரேங்க் வாங்கியவர்களை அல்ல. கேனிங் லைனிலிருந்து வருகிறவனுக்கு, அதே கேனிங் லைனில் நின்றுகொண்டே வந்து இரண்டு தடவை தோற்றுத் தேறியவன்தான் வேண்டும். மும்பையில் அகில இந்திய ரேங்க் வாங்கியவனின் புகைப்படம் அவனுக்கு ஒன்றும் செய்யாது.

என் பழைய மாணவன் ஒருவனின் மனைவி கல்லூரியில் மனோதத்துவம் கற்பிக்கிறாள். ஒரு நாள் தாஸ் கேபினில் மொக்லாய் பரோட்டா சாப்பிட்டுக்கொண்டே இதையெல்லாம் சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு. நான் கையால் தடவிக் கண்டுபிடித்ததை ஆல்பர்ட் பண்டூரா என்கிற அமெரிக்க மனோதத்துவ நிபுணர் 1977லேயே எழுதி வைத்துவிட்டாராம். தன்னால் முடியும் என்கிற நம்பிக்கை நாலு வழியில் வருகிறது என்கிறார்: தானே செய்து முடிப்பது, தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, மற்றவர்கள் தைரியம் சொல்வது, பிறகு கை நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு மாதிரி உடம்பு சொல்கிற சேதி. நாலில் முதலாவதுதான் பலமானது. நம் ஊர்க் கோச்சிங் சென்டர்களின் வியாபாரம் முழுக்க மூன்றாவதில் நடக்கிறது. 'உன்னால் முடியும்' என்று முஷ்டியை மடக்கிப் போஸ்டர் ஒட்டுவது.

ஆஞ்சலா டக்வொர்த் என்பவரின் 2007ஆம் வருஷக் கட்டுரையைப் பற்றியும் அவள்தான் சொன்னாள். அமெரிக்க ராணுவக் கல்லூரியில் சேர்ந்தவர்கள், ஸ்பெல்லிங் போட்டிக்குப் போகிற பிள்ளைகள் என்று பலரைப் பார்த்து, திறமையைவிட நீண்டநாள் விடாப்பிடிதான் ஆளைக் கரை சேர்க்கிறது என்று எழுதி உலகப் புகழ் பெற்றவர். அவருடைய பன்னிரண்டு கேள்விகளைக் காகிதத்தில் அச்செடுத்து வந்து காட்டினாள். படித்துப் பார்த்தேன். ஆறு கேள்வி, முயற்சியில் தளராமல் இருக்கிறாயா என்பது பற்றி. மற்ற ஆறு, பிடித்த விஷயத்தை மாற்றாமல் இருக்கிறாயா என்பது பற்றி. என் நூலக நாற்காலிப் பையன் இரண்டாவது ஆறிலும் முழு மார்க் வாங்குவான்! முதல் பாதிக்கு இருக்கிற பலம் இரண்டாவது பாதிக்கு இல்லை என்று 2017இல் க்ரெடே முதலானவர்கள் பழைய ஆய்வுகள் பலவற்றைச் சேர்த்துப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள் என்றாள். இந்த விடாப்பிடி என்பதே, பொறுப்பாக வேலை செய்கிற பழைய குணத்துக்குப் புதுப் பெயர்தானோ என்றும் அவர்கள் கேட்டிருக்கிறார்களாம். எனக்கு நிம்மதியாக இருந்தது. முப்பது வயசில் பாதையை மாற்றியவர்களைக் கோழை என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை.

மாற்றியவர்கள் நிறையப் பேர். முன்பெல்லாம் 'இன்டர் பாஸ்' என்றால் அரைகுறை என்று அர்த்தம். 2017 ஜூலை 1இல் ஜி.எஸ்.டி. வந்தது. கரியாஹாட்டில் புடவைக்கடை முதல் பாத்திரக்கடை வரை ஒவ்வொருவருக்கும் மாதா மாதம் ரிட்டர்ன் போட ஆள் தேவைப்பட்டது. ஃபைனலை விட்டுவிட்ட என் பிள்ளைகள் ஒரு லேப்டாப்பையும் ஒரு ஸ்டூலையும் வைத்துக்கொண்டு கடை கடையாகக் கணக்குப் பிடித்தார்கள். அவர்களில் பலர், இரண்டெழுத்துப் பட்டத்துக்காகக் காத்திருந்த காலத்தைவிடப் பளிச்சென்று இருந்தார்கள். கனடாவில் கார்ஸ்டன் ரோஷ் என்கிற ஆய்வாளரும் கூட்டாளிகளும் 2003இல் இதையே சொல்லியிருக்கிறார்கள்: எட்டாத குறிக்கோளைக் கைவிடத் தெரிந்து, வேறொன்றைப் பற்றிக்கொள்ளவும் தெரிந்தவர்களுக்கு மனநலம் மேலாக இருக்கிறது. வெறுமனே கைவிடுவது போதாது. விட்ட கைக்குப் பிடித்துக்கொள்ள வேறு ஏதாவது வேண்டும். என் நூலகப் பையனுக்கு அப்படி ஒன்று கிடைக்க நாற்பது வயசாயிற்று. அவனுடைய நோட்டுகளை அச்சுப் போட ஒரு புத்தகக்காரர் கேட்டார். இன்றைக்கு அதுதான் தொழில். நன்றாக இருக்கிறான். சற்றுக் குண்டாகிவிட்டான்.

பிள்ளையின் மனசில் மட்டும் எல்லாம் இருப்பதுபோல் பேசுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வரும். என்னிடம் பி.காம். காலத்தில் படித்த சோனார்பூர்ப் பெண் ஒருத்தி பிறகு பள்ளி ஆசிரியர் தேர்வு எழுதினாள். 2016ஆம் வருஷத் தேர்வு. மெரிட் பட்டியலில் பெயர் இருந்தது, வேலை வரவில்லை. பின்னால் இருந்தவர்களுக்குப் பணம் கைமாறி வேலை போனது என்று வழக்கு. அவளும் அவளைப் போன்றவர்களும் மேயோ ரோடு காந்தி சிலைக்குக் கீழே உட்கார்ந்தார்கள். மழை, வெயில், பூஜை, தேர்தல் எல்லாம் வந்துபோயிற்று. 2023 டிசம்பரில் ஆயிரமாவது நாள். அன்று அவர்களில் ஒரு பெண் தலையை மழித்துக்கொண்ட படம் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. 2025 ஏப்ரல் 3 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தேர்வின் நியமனங்களையே மொத்தமாக ரத்து செய்தது. ஏறக்குறைய 26,000 பேர். நேர்மையாக வேலை வாங்கியவர்களும் அதில் போனார்கள்.

இவர்களிடம் போய் விடாமுயற்சி பற்றி யாராவது பாடம் எடுக்க முடியுமா? உழைப்புக்கும் பலனுக்கும் நடுவே உள்ள கயிற்றை வேறு யாரோ அறுத்துவிட்டால், தன்னம்பிக்கை எதைப் பற்றிக்கொண்டு நிற்கும்? ஆனாலும் அவள் என்னிடம் சொன்ன ஒன்று இன்னும் யோசிக்க வைக்கிறது. காந்தி சிலைக்கு அடியில் இருந்த நாட்களில் வீட்டில் இருந்ததைவிட மனசு நன்றாக இருந்ததாம். வீட்டில் தான் ஒருத்திதான் தோற்றவள்; அங்கே யாரும் தோற்றவர்கள் இல்லை. முறை வைத்து வருவது, உண்டியல் கணக்கு எழுதுவது, வக்கீலிடம் பேசுவது என்று தினமும் செய்து முடிக்க ஒரு வேலை இருந்தது. உண்டியல் கணக்கை எழுதியது அவள்தான். டேலி ஆனதா என்று கேட்டேன். "ஒரு ரூபாய் தப்பவில்லை ஸார்" என்றாள்.

கொரோனா வருஷத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2020 மே பரீட்சை தள்ளி, தள்ளி, கடைசியில் நவம்பரோடு சேர்த்துவிட்டார்கள். படிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் பிள்ளைகள் மாசக்கணக்கில் அந்தரத்தில் தொங்கினார்கள். அப்போதுதான் பெண்ட்ரைவ் வகுப்புகளும் யூடியூப் வாத்தியார்களும் பெருத்தார்கள். நன்றாகத்தான் நடத்துகிறார்கள், என்னைவிட நன்றாக என்றுகூடச் சொல்வேன். ஆனால் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்ட பிள்ளைக்குப் புரிந்த மாதிரி இருக்கிறது, கை எழுதிப் பழகவில்லை. சாப்பிடாமல், தூங்காமல், ரிசல்ட்டை மறைத்துக்கொண்டு யாராவது இருந்தால் வீடியோவுக்குத் தெரியாது. பெஞ்சில் உட்கார்ந்தால் எனக்குத் தெரியும். அப்படித் தெரிந்தபோது நான் உபதேசம் செய்வதில்லை. மனநல டாக்டரிடம் கூட்டிப் போகச் சொல்வேன். 2022 அக்டோபரில் அரசாங்கம் டெலி மானஸ் தொடங்கியதிலிருந்து 14416 என்ற எண்ணை வகுப்புக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். நடுராத்திரியில் கூப்பிட்டவர்கள் உண்டு என்று பிறகு சொன்னார்கள்.

என் காலத்தில் நடந்த மாற்றங்களில் பெரியது எதுவென்றால் நான் விடைத்தாளைச் சொல்வேன். முன்பு மார்க் மட்டும்தான் வரும். முப்பத்தெட்டு என்று வந்தால் ஏன் முப்பத்தெட்டு என்று தெரியாது. திருத்தியவர் மனைவியோடு சண்டை போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார் என்பது முதல் சனி திசை வரை எல்லாக் காரணமும் சொல்வார்கள். காரணம் தெரியாத தோல்விதான் பிள்ளைகளை அரித்தது. திருத்திய விடைத்தாளை மாணவன் பார்க்கலாம் என்று தகவல் உரிமைச் சட்டப்படி 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கு கிளம்பியது எங்கள் கல்கத்தா உயர் நீதிமன்றத்திலிருந்துதான் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. இப்போது பணம் கட்டினால் நகல் வந்துவிடுகிறது.

நகல் வருகிற வாரத்தில் நான் பாடம் எடுப்பதில்லை. அவரவர் தாளை அவரவரே சிவப்புப் பேனாவை வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். பாதிப் பேர் முதல் நாள் திறக்கவே மாட்டார்கள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். திறந்தவர்களுக்கு முதலில் அதிர்ச்சி தருவது அவர்கள் கையெழுத்துதான். அப்புறம் நார்மல், அப்நார்மல் என்று பிரிக்க ஆரம்பிப்பார்கள். தெரிந்த கேள்வியைத் தொடாமல் விட்டது, வொர்க்கிங் நோட் எழுதாதது, பாதியில் அடித்துவிட்ட சரியான விடை. இப்போது ஃபைனலும் வருஷத்துக்கு மூன்று தடவை, ஜனவரி, மே, செப்டம்பர் என்று 2025 முதல் ஆகிவிட்டது. காத்திருப்பு குறைந்தது நல்லதுதான். ஆனால் போன தாளைப் படிப்பதற்குள் அடுத்த ஃபாரம் போடக் கடைசித் தேதி வந்து நிற்கிறது. பெற்றோர் ஃபாரத்தைத்தான் அவசரப்படுத்துகிறார்கள்.

போன வாரம் ஒரு பையன் தன் தாள் நகல்களை மூன்று நாள் வைத்திருந்து, பக்கம் பக்கமாகப் பிரித்துக் கூட்டிக் கழித்துக்கொண்டு வந்தான். அப்நார்மல் பக்கம்தான் பெரிதாக இருந்தது. கண்ணில் ஈரம் இல்லை. "இது எனக்கு வேண்டாம் ஸார். டேட்டா வேலை பிடித்திருக்கிறது, அதில் ஒரு இடம் பேசி வைத்திருக்கிறேன்" என்றான். கூட்டலைச் சரிபார்த்தேன், சரியாக இருந்தது. அப்பாவிடம் நான்தான் பேச வேண்டுமாம். சனிக்கிழமை சாயங்காலம் அவரை வரச் சொல்லியிருக்கிறேன். கடைத்தெரு நெரிசலுக்கு முன்னால், நாலு மணிக்கே வந்துவிட்டால் தேவலை.